கேபிள் கோளாறுக்குக் கியர்பாக்ஸ் பில்: பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்போர் கவனத்துக்கு

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள், "கியர்பாக்ஸ் போய்விட்டது" என்று எந்தப் பட்டறையில் சொன்னாலும், அதை இறக்கச் சம்மதிப்பதற்கு முன் பானெட்டைத் திறந்து இரண்டு கேபிள்களைச் சோதித்துக் காட்டும்படி கேட்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் ஒரு ஸ்பேனர்கூடத் தேவைப்படாது. அந்தச் சோதனையைச் செய்யாத ஒரு பட்டறைக்கு என் அப்பச்சி (அப்பா) 48,000 ரூபாய் கொடுத்தார்கள். கோளாறு தீராதது ஒரு பக்கம் இருக்க, கார் முன்பைவிடக் கெட்ட நிலையில் வீடு திரும்பியது. புகார் விசாரணையில் இருப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை.

கார், பெரியப்பச்சி (பெரியப்பா) மலேசியாவிலிருந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்த பழைய டொயோட்டா. கியர் மாற்றுவதைக் கணினி தீர்மானிக்காத, முழுக்க எண்ணெய் அழுத்தத்தாலேயே இயங்கும் கியர்பாக்ஸ் அதில் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பல வீடுகளைப் போலவே எங்கள் வீட்டிலும் கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையலிடும் சடங்கு) என்றால்தான் ஆள் கூடும். மற்ற நாளெல்லாம் கார் ஷெட்டிலேயே நிற்கும். நின்றே கிடக்கும் காரில் பாட்டரிக்கு அடுத்தபடியாகக் கெடுவது கேபிள்தான் என்பது என் அபிப்பிராயம்.

சென்ற முறை கானாடுகாத்தானிலிருந்து திருமயம் போகும் வழியில் கார் முதல் கியரிலேயே வெகுநேரம் இரைந்துகொண்டு போயிருக்கிறது. இரண்டாவது கியர் விழும்போது பின்னாலிருந்து வேறொரு வண்டி இடித்ததைப் போலக் குலுங்கியிருக்கிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் எஞ்சின் வேகம் உடனே இறங்கவில்லை என்று அப்பச்சி பட்டறையில் தெளிவாகவே சொன்னார்கள். இந்த மூன்றாவது அறிகுறியைக் கேட்ட மெக்கானிக் எவரும் முதலில் கேபிளைத்தான் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பட்டறைக்காரரோ வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "ஐயா, உள்ள கிளட்ச் பிளேட் எல்லாம் போயிருச்சு, பாக்ஸை இறக்காம முடியாது" என்றிருக்கிறார்.

இத்தகைய கார்களில் ஆக்சிலேட்டர் பெடலிலிருந்து ஒரு கேபிள் வந்து, எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் உள்ள திராட்டில் வால்வைத் திறக்கிறது. அந்த வால்வின் சக்கரத்திலிருந்தே இன்னொரு கேபிள் கியர்பாக்ஸுக்குள் இறங்குகிறது. மெக்கானிக்குகள் கிக்டவுன் கேபிள் என்று சொல்வது இதைத்தான். பெடலை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்ற செய்தியை இதுதான் உள்ளே கொண்டுபோகிறது. அதை வைத்தே கியர்பாக்ஸ் எப்போது மாறுவது, கிளட்ச் பிளேட்டுகளை எத்தனை அழுத்தத்தில் பிடிப்பது என்பதெல்லாம் முடிவாகின்றன. லாரியை முந்துவதற்காகப் பெடலை அடிவரை மிதித்தால் கியர் ஒரு படி இறங்கி வண்டி பாய்வதும் இதனால்தான். கேபிள் துருப்பிடித்து இழுபட்ட நிலையிலேயே சிக்கிக்கொண்டால், நாம் மெதுவாக ஓட்டினாலும் முழு வேகத்தில் மிதிப்பதாகவே கியர்பாக்ஸ் எடுத்துக்கொள்ளும். கியர் தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் மாறும். கேபிள் மிகவும் இறுகிவிட்டால் திராட்டிலையும் மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். அப்பச்சி சொன்ன மூன்று குறைகளுக்கும் இந்த ஒரே காரணம் போதும்.

சோதிக்கும் முறை எளிது. எஞ்சினை நிறுத்தி, ஆற விட்டு, பெடலுக்கு அடியில் கால்மிதி விரிப்பு சுருண்டு சிக்கவில்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு இரண்டு கேபிள்களையும் திராட்டில் சக்கரத்திலிருந்து கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் திருப்பி விட்டால் அது 'டப்'பென்று மூட வேண்டும். மூடாவிட்டால் குற்றம் திராட்டில் பாடியில் படிந்த கரியிலோ அதன் அச்சிலோ இருக்கிறது. மூடினால் சந்தேகம் கேபிள்களுக்குப் போகிறது. ஆக்சிலேட்டர் கேபிள் தன் உறைக்குள் தடையில்லாமல் ஓட வேண்டும். கிக்டவுன் கேபிளை இழுத்தால் உள்ளே உள்ள ஸ்பிரிங்கின் எதிர்ப்பு ஒரே சீராகக் கையில் தெரிய வேண்டும். விட்டால் தானாகவே உள்ளே போக வேண்டும். இடையில் நறநறவென்று உரசினாலோ பாதியில் நின்றாலோ கேபிளோ, அது போய் மாட்டியிருக்கும் வால்வோ சிக்குகிறது என்று பொருள். இவ்வளவுக்கும் கால் மணி நேரம் போதும்.

பட்டறையிலிருந்து வந்த கார் முதலில் குலுங்காமல் ஓடியதால் அப்பச்சிக்குத் திருப்தியாகவே இருந்தது. அடுத்த முறை திருச்சி சாலையில் ஒரு லாரியை முந்தப் பெடலை அடிவரை மிதித்தபோது கியர் இறங்கவேயில்லை. எஞ்சின் மட்டும் உறுமியது, வண்டி இழுக்கவில்லை. நான் சென்னையிலிருந்து வந்ததும் காரின் அடியில் படுத்துப் பார்த்தேன். கியர்பாக்ஸைப் பிரித்திருந்தால் கட்டாயம் கழற்றியிருக்க வேண்டிய எண்ணெய்ச் சட்டியின் போல்ட்டுகள் மேல் செம்மண் பழைய பிசுக்கோடு சேர்ந்து இறுகிக் கிடந்தது. ஒரு போல்ட்டின் தலையில்கூட ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. பில்லில் எண்ணெய் முழுவதும் மாற்றியதாக எழுதியிருந்தது. அளவுகோல் கம்பியை உருவித் துணியில் துடைத்தால், சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பழுப்பாக வந்தது.

கழற்றிய பழைய உதிரிபாகம் என்று சாக்கில் கட்டி அனுப்பியிருந்த பொருளைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. அது சாதாரணக் கியர் வண்டியின் கிளட்ச் டிஸ்க். நடுவில் பல் வெட்டிய துளையும் சுற்றிலும் சுருள் ஸ்பிரிங்குகளும் உள்ள அந்தத் தட்டு இத்தகைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் இருக்காது. அங்கே இருப்பவை எண்ணெயில் ஊறிய மெல்லிய வளையத் தட்டுகள், அடுக்கடுக்காக. இந்தப் பகுதியில் ஆட்டோமேட்டிக் கார் அதிகம் புழங்காததால் ஒரு மெக்கானிக்குக் கிக்டவுன் கேபிள் தெரியாமல் இருந்தால் அதை மன்னிக்கலாம். வேறு வண்டியின் தட்டைக் கொடுத்து அனுப்பியவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

திருச்சியில் பல வருடங்களாக ஆட்டோமேட்டிக் மட்டுமே பார்த்துவரும் ஒரு மேஸ்திரி, பானெட்டைத் திறந்த உடனேயே கிக்டவுன் கேபிளின் நட்டுகள் கடைசி மரைவரை தளர்த்தப்பட்டிருப்பதைக் காட்டினார். உறையை எலி கடித்திருந்த இடத்தில் தண்ணீர் இறங்கி உள்கம்பி துருவேறியிருந்தது. சிக்கிய கேபிளை மாற்றாமல் தொங்கலாக விட்டிருக்கிறார்கள். அப்படி விட்டால் கியர் சீக்கிரமே மென்மையாக மாறும். குறை தீர்ந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் எண்ணெய் அழுத்தம் குறைந்துபோய், பாரம் ஏறும்போதெல்லாம் கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கிச் சூடேறிக் கருகும். "இதே மாதிரி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா நிசமாவே பாக்ஸை இறக்க வேண்டி வந்திருக்கும் தம்பி" என்றார் மேஸ்திரி.

சென்னை புதுப்பேட்டையில் அதே மாடல் காரிலிருந்து கழற்றிய நல்ல கேபிள் கிடைத்தது. கேபிளின் கீழ்முனை கியர்பாக்ஸுக்குள் மாட்டியிருப்பதால் எண்ணெய்ச் சட்டியை இறக்க வேண்டியிருந்தது. எண்ணெயும் வடிகட்டியும் புதிதாயின. பெடலை முழுக்க மிதித்த நிலையில் உறையின் முனைக்கும் கம்பியில் நசுக்கிப் பொருத்திய சிறு குண்டுக்கும் இடையே 0 முதல் 1 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்குமாறு மேஸ்திரி நட்டுகளை இறுக்கினார். பழைய டொயோட்டாக்களில் இதுதான் அளவு. மற்ற நிறுவனக் கார்களுக்கு அந்தந்தக் காரின் பழுதுநீக்கக் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மொத்தச் செலவு 9,500 ரூபாய். அழுத்தமானியை மாட்டிப் பார்த்ததில் அழுத்தம் சரியாக இருந்தது.

காரைக்குடிப் பட்டறைக்காரரிடம் கேட்டதற்கு, "ஜெர்க் அடிக்குதுன்னாங்க, அடிக்காமப் பண்ணிக் கொடுத்தேன்ல" என்பதே பதில். பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை. செம்மண் படிந்த போல்ட்டுகளின் புகைப்படங்கள், கையால் எழுதிய பில், திருச்சி மேஸ்திரி எழுதித் தந்த அறிக்கை ஆகியவற்றோடு சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். அந்தக் கிளட்ச் டிஸ்க்கும் சாக்கோடு அப்படியே பத்திரமாக இருக்கிறது. கியர்பாக்ஸ் வேலைக்குக் காரை விடுபவர்கள் எண்ணெய்ச் சட்டியின் இரண்டு மூன்று போல்ட்டுகளில் பெயிண்ட் பொட்டு வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.