மவுண்ட்ஸ்வில் சிறையில் "பேய் வேட்டை": கருவி வாடகைக்குப் பணம் கட்டாதீர்கள்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள மவுண்ட்ஸ்வில் பழைய சிறைக்குப் பேய் தேட ராத்திரியில் போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு டிக்கெட் எடுங்கள். சிறையின் மேல் குறை இல்லை. நடுவில் புகுந்த ஏஜென்ட்தான் ஏமாற்றினார். "விடிய விடிய ஆய்வு, எல்லாக் கருவிகளும் உண்டு" என்று பணம் வாங்கினார். போனபிறகு கருவிக்குத் தனி வாடகை என்றார். நள்ளிரவுக்கு முன்பே கூட்டத்தை வெளியே அனுப்பியும் விட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்டால், "மீட்டரில் விளக்கு எரிந்ததே, ஆவி வந்ததைப் பார்த்தீர்களே?" என்கிறார்.

அது ஏன் எரிந்தது என்று பார்ப்போம். வாடகைக்குத் தருவது கே-2 மீட்டர். ஐந்து விளக்கு, காந்தப்புலம் 1.5 மில்லிகாஸ் (அதை அளக்கும் அலகு) தாண்டினால் இரண்டாவது எரியும், 20 தாண்டினால் சிவப்பு. வயரிங், மோட்டார் இவற்றின் காந்தப்புலத்தை அளக்க வந்த சாதாரணக் கருவி இது. செல்போன், வாக்கிடாக்கி அலைக்கும் துள்ளும். கனத்த கல்சுவருக்குள் சிக்னல் கிடைக்காத போன் முழு பலத்தோடு டவரைத் தேடும். அது உங்கள் பாக்கெட்டிலேயே இருக்கிறது. பழைய மாடல்களில் பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே இருக்க வேண்டும், கட்டைவிரல் கொஞ்சம் தளர்ந்தாலும் விளக்கு மினுங்கும். இன்னொன்று: "யாராவது இருந்தால் விளக்கை எரிய விடு" என்று வழிகாட்டி கேட்கும்போது அவருடைய இன்னொரு கை இடுப்பு வாக்கிடாக்கிக்குப் போகிறதா என்று கவனியுங்கள்.

சோதிப்பது எளிது. எல்லாப் போனையும் ஏரோப்ளேன் மோடில் போட்டு, வாக்கிடாக்கியை அணைக்கச் சொல்லி, மீட்டரைத் தரையில் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். ஏஜென்ட் இதற்கு ஒப்பவே மாட்டார்.

ஆவியோடு பேசலாம் என்று தரும் ஸ்பிரிட் பாக்ஸ் என்பது ஸ்டேஷன்களை நிற்காமல் தாவிக்கொண்டே இருக்கும் ரேடியோ. நடுவில் விழும் அரைச் சொல்தான் "ஆவியின் பதில்". ஆவி வந்தால் காற்று குளிரும் என்று நீட்டும் அகச்சிவப்பு வெப்பமானி காட்டுவது அது நோக்கும் சுவரின் சூட்டை, காற்றின் சூட்டை அல்ல. பளபளப்பான இரும்பில் அந்த எண்ணும் தப்பு. போட்டோவில் மிதக்கும் வெள்ளை உருண்டைகள், முன்னால் நடந்தவர் காலில் கிளம்பிய தூசி.

வழிகாட்டி சொல்லும் கணக்கையும் நம்ப வேண்டாம். "ஆயிரம் பேரைத் தூக்கிலிட்டார்கள்" என்பது கப்சா. 1899 முதல் 1959 வரை மொத்தம் 94 மரண தண்டனைகள்: 85 தூக்கு, 9 மின்நாற்காலி. அந்த நாற்காலியைச் செய்ததே ஒரு கைதிதான். அதைப் பார்க்கப் பகல் டிக்கெட் போதும். ஐந்தடிக்கு ஏழடி அறைகளையும் பாருங்கள். 1995-இல் சிறை மூடப்பட்டதற்கு அவையும் ஒரு காரணம்.

டிக்கெட்டைச் சிறையிலேயே நேராக எடுங்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, குழுவில் எத்தனை பேர், அடித்தளத்து "சுகர் ஷாக்" (கைதிகள் பொழுதுபோக்கிய அறை) உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள், விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு கிரெடிட் கார்டு வங்கிக்குக் கடிதம் எழுதுங்கள். அமெரிக்க கார்டு என்றால், அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் கடிதம் அங்கே போய்ச் சேர வேண்டும்.