ராஜாமடத்துக்காரரும் வாஷிங்டன் அதிபரும்

எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் ‘பிரசிடெண்ட்’ என்றால் ஊராட்சித் தலைவர்தான். இங்கே பேசப்போவது அவரைவிடப் பெரிய இருவரைப் பற்றி: அமெரிக்க அதிபருக்கும் நம் குடியரசுத் தலைவருக்கும் உண்மையில் எவ்வளவு அதிகாரம்?

அமெரிக்க அதிபர் தன் அமைச்சரைத் தானே வீட்டுக்கு அனுப்பலாம். நியமிக்கத்தான் அங்குள்ள நாடாளுமன்ற மேலவையான செனட்டின் ஒப்புதல் தேவை. ஆனால் அவருக்கும் எல்லை உண்டு: 1952இல் அப்போதைய அதிபர் ட்ரூமன் எஃகு ஆலைகளைக் கையில் எடுத்தபோது உச்ச நீதிமன்றம் 6-3 என்று தடுத்துவிட்டது.

நம் குடியரசுத் தலைவரிடமும் நிர்வாக அதிகாரம் முழுவதும் எழுத்தில் இருக்கிறது. பக்கத்து ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன் 1987 முதல் 1992 வரை அந்த நாற்காலியில் இருந்தார். சரி, கையெழுத்து அவருடையது, முடிவு அமைச்சரவையுடையது. 1978இல் வந்த அரசியல் சட்டத்தின் 44ஆவது திருத்தப்படி அமைச்சரவையின் ஆலோசனையை ஒருமுறை திருப்பி அனுப்பலாம். அதுவே மறுபடி வந்தால் ஏற்றாக வேண்டும். அந்த ஒருமுறையை லேசாக நினைக்க வேண்டாம். 1997இல் உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி கேட்ட பரிந்துரையை அப்போதைய குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அதைக் கைவிட்டது.