உபசரித்த உறவுக்கு நன்றி: பணமா, புடவையா, போனா, கடிதமா?

ராமேஸ்வரம், தனுஷ்கோடி பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் லாட்ஜில் தங்குவதில்லை. மண்டபத்திலோ பாம்பனிலோ ராமநாதபுரத்திலோ ஓர் அத்தை வீடு, சித்தி வீடு இருந்தால் மூட்டை முடிச்சோடு அங்கேதான் இறங்குவோம். கோயிலில் 22 தீர்த்தமும் ஆடி, அரிச்சல்முனை வரை போய் உப்புக்காற்று படிந்து திரும்பி, ஆளுக்கு இரண்டு வாளி நல்ல தண்ணீரில் குளிப்போம். அந்தப் பக்கத்தில் பல வீடுகளுக்கு அது தள்ளுவண்டியில் குடம் குடமாக வந்த தண்ணீர். இல்லையென்றால் லாரியில் காசுக்கு வாங்கியது. நன்றி என்று நாம் எதைச் செய்தாலும் இந்தப் பாடு நமக்குத் தெரிந்திருக்கிறது என்று அவர்களுக்குப் புரிய வேண்டும். எந்த வழி நல்லது என்பதை நான் அதை வைத்துத்தான் அளக்கிறேன்.

கிளம்பும்போது கையில் பணம் திணிப்பது எனக்கு அறவே பிடிக்காது. "நாங்க என்ன லாட்ஜா நடத்துறோம்?" என்று அத்தை கேட்டால் பதில் இருக்காது. ஊருக்கு வந்து ஜிபேயில் போடுவது அதைவிட மோசம். வேண்டாமென்று மறுக்கக்கூட அவர்களுக்கு வழியில்லை. பிள்ளைகள் கையில் வைத்துக் கொடுப்பது வேறு, அதில் யாருக்கும் சங்கடமில்லை. செலவில் பங்கெடுக்க நினைத்தால் தங்கியிருக்கும்போதே எடுங்கள். தண்ணீர் லாரி வந்தால் முந்திக்கொண்டு கொடுங்கள், காலையில் மாமாவோடு மீன் வாங்கப் போங்கள்.

புடவை, வேட்டியெல்லாம் பெரும்பாலும் பீரோவுக்குத்தான் போகும். பதிலுக்கு நமக்கு எடுத்துத் தர வேண்டுமே என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும். தின்பண்டம் பரவாயில்லை. ஆனால் கருப்பட்டியும் கருவாடும் விளைகிற ஊருக்கு அதையே கொண்டுபோகாதீர்கள். மணப்பாறை முறுக்கு, கோவில்பட்டி கடலைமிட்டாய் என்று உங்கள் பக்கத்துப் பண்டமாக இருக்கட்டும். போய் இறங்கும்போதே கொடுத்துவிடுங்கள். திரும்பும்போது குண்டு மிளகாயும் கீழக்கரைத் தொதல் இனிப்பும் உங்கள் பையில் ஏறத்தான் போகிறது, தடுக்க முடியாது.

வாட்ஸ்அப்பில் கும்பிடு பொம்மை அனுப்புவதை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. குடும்பக் குழுவில் நாம் கொட்டும் படங்களில் புதிய பாம்பன் பாலம் இருக்கும், கலாம் நினைவிடம் இருக்கும்; நமக்காக அடுப்படியில் நின்றவர் இருக்க மாட்டார். அத்தையும் மாமாவும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றை பிரிண்ட் போட்டு அனுப்பினால் சுவரில் மாட்டுவார்கள்.

போன் கட்டாயம் வேண்டும். வீடு சேர்ந்ததும் "வந்து சேர்ந்துட்டோம்" என்று சொல்வது கடமை மட்டுமே. ஓரிரு நாள் கழித்து, சமையல் முடிந்து அவர்கள் ஓய்ந்திருக்கும் நேரத்தில் மறுபடி கூப்பிட்டுச் சாவகாசமாகப் பேசுவதுதான் மனதில் நிற்கும். மாமாவிடமும் தனியாகப் பேசுங்கள், வண்டியில் கூட்டிக்கொண்டு அலைந்தவர் அவர்.

இருந்தாலும் என் ஓட்டு கடிதத்துக்குத்தான். போனில் "அட, இதுல என்னப்பா இருக்கு" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். கடிதத்தில் அது நடக்காது; படித்துவிட்டு எடுத்தும் வைப்பார்கள். "உபசரிப்புக்கு நன்றி" என்று பொதுவாக எழுதினால் மட்டும் பயனில்லை. நடந்ததை எழுத வேண்டும். இப்படி:

"அத்தை, மீன்பிடித் தடைக்காலத்துல மீன் விக்கிற விலைக்கு எங்களுக்காகச் சீலா வாங்கிக் குழம்பு வெச்சீங்க. நீங்க கடைசியா வெறும் ரசம் ஊத்திச் சாப்பிட்டதைப் பார்த்தேன். சின்னவன் இங்க வந்தும் அந்தக் குழம்பையே கேக்குறான். தனுஷ்கோடி போன அன்னிக்கு விடியக்காலையில எழுந்து புளிச்சோறு கட்டிக் குடுத்தீங்களே, அங்க அந்த வெயில்ல அதுதான் எங்களைக் காப்பாத்துச்சு."

அரைப் பக்கம் போதும். அத்தைக்குக் கண் பார்வை சரியில்லையென்றால் பேத்தி வாசித்துக் காட்டுவாள், அதனால் வீடே கேட்கும்.

கடைசி வழி, பதிலுக்கு அழைப்பது. "ஒரு நாள் வாங்க" என்றால் யாரும் வரப்போவதில்லை, தேதி சொல்லுங்கள். மாமா விசைப்படகுக்குப் போகிறவராக இருந்தால் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில்தான் நிற்கும். வலை, படகு வேலைக்கு நடுவே நாலைந்து நாள் ஒதுக்க முடியுமா என்று கேட்டு, போக வர டிக்கெட்டை நீங்களே எடுத்து அனுப்புங்கள்.