எல்லா பேண்டிலும் எஸ்.டபிள்யூ.ஆர். 1.2 காட்டும் ஆன்டெனாவா? உஷார்!

ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்களே, 6,800 ரூபாய் கொடுத்து ஓர் ஆன்டெனா வாங்கி ஏமாந்திருக்கிறேன். எஸ்.டபிள்யூ.ஆர். என்பது அனுப்பும் பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு; 1-ஐ ஒட்டி இருந்தால் நல்லது என்பார்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் முழுதாகப் படியுங்கள். அதை விற்ற ஆள் வலை விரிப்பது நம்மைப் போன்றவர்களுக்குத்தான்.

சென்னையில் மூன்றாவது மாடி வீடு. மொட்டை மாடியில் கம்பி கட்ட அசோசியேஷன் விடாது. 40 மீட்டர் பேண்டுக்கு (அலைவரிசைக்கு) டைபோல் என்ற சாதாரண கம்பி ஆன்டெனா போட்டால் 20 மீட்டர் நீளம் வேண்டும், என் பால்கனியோ 12 அடி. "5 மீட்டர் கம்பி போதும் சார், 80 மீட்டர் பேண்ட்ல இருந்து 10 மீட்டர் வரைக்கும் எல்லாம் அடிக்கும், ட்யூனரே வேணாம்" என்றார் விற்றவர். (ட்யூனர் என்பது ஆன்டெனாவை ரேடியோவுக்குப் பொருத்தும் கருவி.) விழுந்துவிட்டேன்.

கறுப்புப் பெட்டி, அதிலிருந்து ஒரு கம்பி, அவ்வளவுதான். மாட்டினேன். எந்த பேண்டில் பார்த்தாலும் எஸ்.டபிள்யூ.ஆர். 1.2. சந்தோஷம் தாங்கவில்லை. மற்ற ஸ்டேஷன்கள் சுமாராகக் கேட்கவும் செய்தன. ஆனால் இரண்டு வாரம் சிகியூ (யாராவது பேசுங்கள் என்ற அழைப்பு) கூப்பிட்டும் ஒருவர்கூடத் திரும்பவில்லை. எஃப்.டி.8 என்ற டிஜிட்டல் முறையில் அனுப்பியும், நம் சிக்னல் எங்கெங்கே கேட்டது என்று காட்டும் பி.எஸ்.கே. ரிப்போர்ட்டர் இணைய மேப்பில் ஒரு புள்ளி விழவில்லை. விற்றவரைக் கேட்டால், "ப்ராபகேஷன் (அலை பரவுறது) சரியில்ல சார், எஸ்.டபிள்யூ.ஆர். நல்லாத்தானே இருக்கு?"

ஒருநாள் பெட்டியைத் தொட்டேன், சுட்டது. சந்தேகம் வந்து கம்பியைக் கழற்றிப் பார்த்தேன். அப்போதும் அதே 1.2! மல்டிமீட்டரை சாக்கெட்டில் வைத்தால் 51 ஓம், ரேடியோ எதிர்பார்க்கும் 50 ஓமுக்குப் பக்கத்தில். மேலே ஊற்றியிருந்த எபாக்சியை அரை மணி நேரம் சுரண்டினேன். டொராய்டும் (கம்பி சுற்றும் காந்த வளையம்) இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அலுமினியத் துண்டில் திருகிய ரெசிஸ்டர் ஒன்று. நான் அனுப்பிய பவர் முழுக்க அதில்தான் வெந்துகொண்டிருந்திருக்கிறது.

வாங்கும் முன் வீடியோ காலில் கம்பியைக் கழற்றி அளக்கச் சொல்லுங்கள். உள்ளே கம்பியை ரேடியோவுக்குப் பொருத்தும் நிஜமான 49:1 டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால், கம்பி இல்லாதபோது எஸ்.டபிள்யூ.ஆர். எங்கேயோ எகிறும். கம்பியோடு நானோ வி.என்.ஏ. என்ற ஆன்டெனா அளக்கும் கருவியில் பார்த்தால், எஸ்.டபிள்யூ.ஆர். கோட்டில் அந்தந்த பேண்டில் மட்டும் பள்ளம் விழும். 3-லிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே தட்டையான கோடா? பணத்தைப் பையிலேயே வையுங்கள்.

பிறகு எஃப்.டி.240-43 டொராய்டு வாங்கி, 2-க்கு 14 சுற்று சுற்றி, 100 பைக்கோஃபாரட் ஹைவோல்டேஜ் கெப்பாசிட்டர் போட்டு நானே செய்தேன். 10 மீட்டர் மெல்லிய எனாமல் கம்பி, பால்கனியிலிருந்து பக்கத்துத் தென்னை வரை. கீழேயிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. 20 மீட்டர் பேண்ட் மட்டும்தான், எஸ்.டபிள்யூ.ஆர். 1.6. முதல் ராத்திரியே இத்தாலி பதில் சொன்னது.

பணம் திரும்பி வரவில்லை. அந்தப் பெட்டி டம்மி லோடாக (சோதிக்கும்போது ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டராக) மேசையில் கிடக்கிறது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.