காசை நகையாக்கினால் தங்கம் எவ்வளவு மிஞ்சும்? குன்னூரில் நேரில் பார்த்தது

அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம். அம்மா பல வருஷமாகச் சேர்த்து வைத்த தங்கக் காசுகளை நகையாக்குவதுதான் இந்த லீவில் குன்னூரில் எனக்கு முக்கிய வேலை. "காசா வச்சிருந்து என்ன பண்றது, புள்ள கழுத்துல கெடக்கட்டும்" என்றார் அம்மா. ஷார்ஜாவில் நம்மவர்கள் பலரும் இதே யோசனையில் இருக்கிறார்கள். அதனால் வங்கி, கடை, பட்டறை, விமான நிலையம் என்று ஒவ்வோர் இடத்திலும் என்ன நடந்தது, தங்கம் எங்கே கரைகிறது என்று எழுதுகிறேன்.

லாக்கரில் இருந்தவை இரண்டு வகை. வங்கியில் வாங்கிய 8 கிராம் காசு மூன்று, எல்லாம் 24 காரட், 999 சுத்தம், சீல் போட்ட அட்டை பிரிக்காமல் இருந்தது. இன்னொரு வகை, தாத்தா காலத்து ராஜா தலை போட்ட சவரன்கள்.

முதலில் வங்கிக்குத்தான் போனோம். விற்ற காசை அவர்களே திரும்ப வாங்குவார்களா என்று அம்மாவுக்கு ஒரு ஆசை. வாங்க மாட்டார்கள். வங்கிகளுக்குக் காசை விற்கத்தான் அனுமதி, திரும்ப வாங்க அனுமதி கிடையாது. வங்கி விற்ற காசு என்றால் 50 கிராம் வரை அடகு வைத்துக் கடன் வாங்கலாம், அவ்வளவுதான். கவுன்டரில் இருந்த தம்பி இதைப் பொறுமையாகச் சொன்னார். வாங்கும்போதே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம் ஒரு பெரிய கடை. பெயர் வேண்டாம். ஏசி, காப்பி, உட்கார வைத்து உபசாரம், எதற்கும் குறைவில்லை. காசைக் காட்டினோம். "கிராமுக்குக் கிராம் எடுத்துக்குவோம் மேடம், ஒரு பைசா பிடிக்க மாட்டோம்" என்றார் விற்பனையாளர். கேட்க இனிமையாக இருக்கும் இந்த வார்த்தையில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. நாம் கொடுப்பது 24 காரட், அவர்கள் தரும் செயின் 22 காரட், அதாவது ஆயிரத்தில் 916 பங்குதான் தங்கம். 24 கிராம் 999 காசில் இருக்கும் சுத்தத் தங்கத்தை 916 நகையாக மாற்றிக் கணக்குப் போட்டால் 26.17 கிராம் வரவேண்டும். கிராமுக்குக் கிராம் என்றால் வெறும் 24. வித்தியாசம் 2.17 கிராம், கால் பவுனுக்கும் மேல். அதைப் பற்றிக் கேட்டதும், "எங்க பாலிசி அப்படித்தான் மேடம்" என்றார். அம்மா மாதிரி தனியாகப் போகும் வயதானவர்கள் இந்த இடத்தில் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

சேதாரம் இதற்கு மேல். நாங்கள் பார்த்த செயினுக்கு 12 சதவீதம். மெஷினில் செய்த செயின் அது, ஆனாலும் 12. கையிலிருந்து பணம் போடாமல் அந்த 24 கிராமுக்குள் முடிப்பதென்றால் 21.4 கிராம் செயின்தான் கிடைக்கும். முழு பில்லுக்கும் 3 சதவீதம் ஜிஎஸ்டி தனி. அட்டையைப் பிரிக்காமலேயே திரும்பிவிட்டோம்.

அடுத்தது பஜாருக்குள் ஒரு சின்னக் கடை, அதன் பின்கட்டில் பட்டறை. பத்தருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். அம்மாவின் தாலியைச் செய்தவரே இவர்தான். "ஐயா, காசு 24 காரட், கலப்பு எவ்வளவு போடுவீங்க?" என்று கேட்டேன். "இரு கண்ணு, கண்ணு முன்னாலயே பண்றேன்" என்று தராசை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். மூன்று காசையும் நிறுத்து, எடையைத் துண்டுச் சீட்டில் எழுதி, அம்மாவிடம் கொடுத்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தார். மூசை என்கிற உருக்கும் கிண்ணத்தில் காசைப் போட்டு, உருக உதவும் வெங்காரப் பொடி தூவி, கேஸ் பர்னரால் ஊதினார். ராஜமுத்திரை மாதிரி அழுத்தமாக இருந்த காசின் ஓரம் முதலில் மழுங்கியது. பிறகு மூன்றும் ஒன்றாகி ஒரே சொட்டாக உருண்டது. செம்பும் வெள்ளியுமாக இரண்டு கிராமுக்குச் சற்று அதிகமாகச் சேர்த்துக் கம்பியாக வார்த்தார். ஆறியதும் மறுபடி தராசில் வைத்துக் காட்டினார். கணக்கு சரியாக வந்தது.

அவர் கேட்டது பவுனுக்கு 400 மில்லிகிராம் சேதாரம், அதாவது 5 சதவீதம். கூலி தனியாக, ரூபாயில். அராவும்போது விழும் தூளைத் தோல் விரிப்பில் பிடித்து, கூட்டி அள்ளி, மறுபடி உருக்கி எடுத்துவிடுகிறார்கள். அதனால் உண்மையில் வீணாவது மிகக் கொஞ்சம். அந்த 5 சதவீதத்திலும் அவருடைய உழைப்புக்கு ஒரு பங்கு இருக்கிறது, அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அதே மூன்று காசில் எங்களுக்குக் கிடைத்தது 24.9 கிராம் செயின். பெரிய கடையை விட மூன்றரை கிராம் கூடுதல். நம் தங்கத்தைக் கொடுத்துச் செய்து வாங்கும்போது வரியும் கூலிக்கு மட்டும்தான், 5 சதவீதம்.

இவ்வளவு பார்த்துச் செய்தும் மதிப்பு குறையத்தான் செய்தது. காசாக இருந்தபோது 23.98 கிராம் சுத்தத் தங்கம், செயினாக வந்தபோது 22.8. பெரிய கடையில் செய்திருந்தால் 19.6 கிராம்தான். விற்கும்போது செய்கூலி, சேதாரம், வரி எதுவும் திரும்பி வராது. கல் வைத்திருந்தால் அந்த எடையையும் கழிப்பார்கள். சீல் பிரிக்காத காசுக்கு இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. அதனால் கழுத்தில் கிடக்கப் போகிற அளவுக்கு மட்டும் காசை உருக்குங்கள். "பின்னாடி விலை ஏறும்" என்று சேமிப்புக்காக நகை செய்வதில் எனக்குச் சம்மதமே இல்லை. விலை ஏறினால் காசுக்கும்தானே ஏறும்?

இனி சவரன்கள். அக்காவுக்கு அவற்றில் வளையம் பற்றவைத்து டாலராகத் தொங்கவிட ஆசை. பத்தர் ஒரு காசைக் கையில் வாங்கி, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை. மறுபக்கம் குதிரை மேல் வீரன், கீழே 1918. அந்த வருஷத்துக்கு மேலே, தரையைக் காட்டும் கோட்டில், கடுகை விடச் சிறிதாக 'ஐ' என்ற ஆங்கில எழுத்து. இந்தியாவில், பம்பாயில் அடித்த சவரன் என்பதற்கு அடையாளம் அது. அங்கே சவரன் அடித்தது அந்த ஒரே வருஷத்தில்தான். "இதுல நெருப்பு வச்சா காசு போச்சு கண்ணு, வெறும் தங்கம்தான் மிஞ்சும்" என்றார் பத்தர். சவரன் 22 காரட், எடை 7.98 கிராம். ஒட்டவைக்கும் பொடி வைத்துப் பற்றவைத்தால் எடையும் மாறும், சுத்தமும் மாறும், சேகரிப்பவர்கள் தரும் கூடுதல் விலையும் போய்விடும். பற்றே வைக்காமல், ஓரத்தைச் சுற்றிப் பிடிக்கிற மாதிரி ஒரு வளையம் செய்து அதற்குள் காசை உட்கார வைத்துத் தந்தார். வேண்டுமென்றால் கழற்றிக்கொள்ளலாம். கூலிக்காக வந்த வேலையை அப்படியே செய்துவிடாமல், எதைச் செய்யக் கூடாது என்று சொன்ன அந்த மனிதரை நான் மறக்க மாட்டேன்.

ஹால்மார்க் விஷயம் சுருக்கமாக. நாமே நகையை எடுத்துப்போய் முத்திரை வாங்க முடியாது, பதிவு பெற்ற கடை வழியாகத்தான் அனுப்ப வேண்டும். எங்கள் செயின் கோவைக்குப் போய் வந்தது. மழையில் பர்லியார் பாதை அடைபட்டதால் ஒரு நாள் தாமதம். கட்டணம் நகை ஒன்றுக்கு 45 ரூபாயும் வரியும். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரை, 22கே916, ஆறு எழுத்து-எண் கொண்ட எச்யுஐடி என்கிற நகையின் தனி அடையாள எண், மூன்றும் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் கடையின் பதிவு எண், சோதித்த மையம், சுத்தம் எல்லாம் வரும். 2023 ஏப்ரல் முதல் இந்த எண் இல்லாத நகையைக் கடையில் விற்கக் கூடாது.

வளைகுடாவிலிருந்து காசாகவே கொண்டுவந்து ஊரில் நகை செய்யலாமா என்று சிலர் கேட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு, பெண் என்றால் 40 கிராம், ஆண் என்றால் 20 கிராம் வரை வரியில்லாச் சலுகை உண்டு. ஆனால் அது நகைக்கு மட்டும். காசுக்குச் சுங்கம் கட்டியே ஆக வேண்டும்.

திரும்பும்போது என் பழைய வளையல்களையும் லாக்கரிலிருந்து எடுத்துக்கொண்டேன். அடுத்த முறை அவற்றைப் போட்டுக்கொண்டு வரும்போது கேள்வி வரக் கூடாது என்று கோவை விமான நிலையத்தில் கிளம்பும் முன்பே சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கினேன். பில், எடைச் சீட்டு, வளையல்களின் போட்டோ எல்லாம் கையில் இருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது. வழக்கத்தை விட ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். பெட்டியை செக்-இன் செய்யும் முன்பே சுங்க அதிகாரி எங்கே என்று கேட்டு, நகையை அவரிடம் காட்டிவிடுங்கள்.