கல்லூரி டென்னிஸ் தரவரிசை: பட்டியலை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது?

அமெரிக்கக் கல்லூரி டென்னிஸைப் பின்தொடர்பவர்களுக்கு ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் அடிக்கடி கைகொடுப்பது, இன்டர்காலேஜியேட் டென்னிஸ் அசோசியேஷன் என்னும் ஐடிஏ வெளியிடும் அணித் தரவரிசைப் பட்டியல்தான். முதல் பிரிவில் ஆடவருக்கும் மகளிருக்கும் தனித்தனியே 75 அணிகளை வரிசைப்படுத்தும் அந்தப் பட்டியலையும், அதற்குத் துணையாகவும் சில நேரம் போட்டியாகவும் நிற்கும், யுனிவர்சல் டென்னிஸ் ரேட்டிங் என்னும் யூடிஆர் மதிப்பெண்ணையும் சில பருவங்களாகப் பயன்படுத்தி வந்ததன் அடிப்படையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நடந்து முடிந்த ஆட்டங்களுக்குக் கணக்கு வைப்பதில் ஐடிஏ பட்டியல் நேர்மையானது, நம்பத்தகுந்தது. ஆனால் அடுத்த சனிக்கிழமை யார் வெல்வார்கள் என்று அதனிடம் கேட்டால், அது செய்ய முன்வராத வேலையை அதன் தலையில் கட்டுகிறோம்.

காரணம் புரிய வேண்டுமென்றால், கல்லூரி அணிப் போட்டி எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தேசிய ஒற்றையர் பட்டம் வென்றதால், நம்மவர்களில் பலருக்குக் கல்லூரி டென்னிஸ் என்றதும் தனிநபர் பட்டங்களே நினைவுக்கு வருகின்றன. அணிப் போட்டி முற்றிலும் வேறு வகை. முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள் பக்கத்துப் பக்கத்து ஆடுகளங்களில் ஒரே நேரத்தில் தொடங்கும். ஒவ்வொன்றும் ஆறு கேம் கொண்ட ஒரே செட். அவற்றில் இரண்டை வெல்லும் அணிக்கு மொத்தமே ஒரு புள்ளிதான். அதன் பிறகு ஆறு ஒற்றையர் ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஆக ஏழு புள்ளிகளில் நான்கை முதலில் எட்டும் அணி வெற்றி பெறுகிறது; மீதி ஆட்டங்கள் சில நேரம் அங்கேயே நிறுத்தப்படும், சில நேரம் முடியும்வரை ஆடப்படும். டியூஸ் வந்தால் அட்வான்டேஜ் கிடையாது; அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும், அதை எந்தப் பக்கத்திலிருந்து எதிர்கொள்வது என்பதைச் சர்வீஸைப் பெறுபவர் தேர்ந்துகொள்வார். முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடக்கூடிய இரட்டையர் சுற்றில் இத்தகைய இரண்டு மூன்று புள்ளிகள் எந்தப் பக்கம் விழுகின்றன என்பதே முதல் புள்ளியின் தலையெழுத்தைத் தீர்மானித்துவிடும்.

இனி ஐடிஏ பட்டியலின் உள்ளமைப்பு. பருவத்தின் தொடக்க வாரங்களில் பயிற்சியாளர்களின் வாக்கெடுப்பை வைத்தும், போதிய ஆட்டங்கள் நடந்த பிறகு கணினிக் கணக்கை வைத்தும் பட்டியல் தயாராகிறது. கணினிக் கணக்கின் அடிப்படை எளிமையானது. ஓர் அணி வீழ்த்திய எதிரணிகளில் தரவரிசையில் உயர்ந்தவற்றைத் தேர்ந்தெடுத்து, அந்த எதிரணிகளின் இடத்துக்கேற்ப மதிப்பு வழங்கிக் கூட்டுகிறார்கள். பின்னர் அந்தக் கூட்டுத்தொகையை, கணக்கில் எடுத்துக்கொண்ட வெற்றிகளின் எண்ணிக்கையோடு தோல்விகளுக்கான எடையைச் சேர்த்து வரும் எண்ணால் வகுக்கிறார்கள். முன்னணி அணியிடம் தோற்றால் எடை மிகக் குறைவு. பட்டியலின் அடிப்பகுதியில் இருக்கும் அணியிடமோ பட்டியலிலேயே இல்லாத அணியிடமோ தோற்றால் அது பலமாக இழுத்துவிடும். வலுவான அணிகளைத் தேடிப்போய் மோதுபவர்களை இந்தக் கணக்கு தண்டிப்பதில்லை. எளிய எதிரணிகளை அடுக்கி வைத்து வெற்றிக் கணக்கைப் பெருக்குவதால் எந்தப் பயனும் இல்லாதபடி இது பார்த்துக்கொள்கிறது. இதற்காகவே இந்த முறையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பயிற்சியாளர்கள் பிப்ரவரியிலேயே கடினமான ஆட்டங்களை ஏற்றுக்கொள்ள முன்வருவதில் இந்தக் கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு என்றே நம்புகிறேன்.

குறைகள் இரண்டு. முதலாவது, வெற்றியின் அளவை இது பார்ப்பதில்லை. ஏழுக்குப் பூஜ்யம் என்று அடித்து நொறுக்கினாலும், கடைசி ஆடுகளத்தின் மூன்றாவது செட் டைபிரேக்கரில் நான்குக்கு மூன்று என்று தப்பிப் பிழைத்தாலும் அணிக்குக் கிடைக்கும் மதிப்பு ஒன்றுதான். இரண்டாவது, கான்ஃபரன்ஸ்கள், அதாவது பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தமக்குள் ஆடும் குழுக்கள், அவற்றின் வலிமை பட்டியலுக்குள் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. 2024-இல் டெக்சஸும் ஓக்லஹோமாவும் எஸ்இசி என்னும் கான்ஃபரன்ஸுக்கு வந்தன. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா, எஸ்எம்யூ ஆகியவை ஏசிசி என்னும் இன்னொரு கான்ஃபரன்ஸில் சேர்ந்தன. இப்போது இந்த இரண்டு கான்ஃபரன்ஸ்களுக்குள் நடக்கும் பெரும்பாலான ஆட்டங்கள் தரவரிசையில் உள்ள இரு அணிகளுக்கு இடையிலானவையாகவே இருக்கின்றன. வென்றால் பெரிய மதிப்பு, தோற்றால் சிறிய எடை. வெளியே இருக்கும் நல்ல அணியொன்றுக்கோ மார்ச் மாதத்துக்குப் பிறகு அத்தகைய வாய்ப்பு அரிதாகவே அமைகிறது. சிறிய கான்ஃபரன்ஸ் அணி ஒன்று பட்டியலின் நாற்பதுகளில் தங்கிவிட்டது என்பதற்காக அதன் ஆட்டமும் அந்தத் தரத்தில்தான் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அது யாருடன் ஆட முடிந்தது என்பதைத்தான் அந்த எண் பாதி சொல்கிறது.

ஜனவரி இறுதியில் நடக்கும் கிக்-ஆஃப் வீக்எண்ட் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. நான்கு அணிகள் வீதம் 15 இடங்களில் ஆடி, ஒவ்வோர் இடத்திலும் வெல்லும் அணி, போட்டியை நடத்தும் அணியோடு சேர்ந்து, பிப்ரவரியில் 16 அணிகளின் தேசிய உள்ளரங்கப் போட்டிக்குச் செல்கிறது. வெவ்வேறு கான்ஃபரன்ஸ் அணிகள் நேருக்கு நேர் மோதும் அந்த வாரங்களின் முடிவுகளை நான் மற்ற எதையும்விடக் கூடுதல் கவனத்தோடு குறித்து வைப்பேன்.

பட்டியலைக் கணிப்பாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ நடத்தும் தேசியத் தொடரின் வரலாறே பதில். 64 அணிகள் இடம்பெறும் அந்தத் தொடரின் தேர்விலும், முதல் 16 அணிகளுக்கு வழங்கப்படும் சீடிங்கிலும் ஐடிஏ தரவரிசைக்குப் பெரிய பங்கு உண்டு. 2016-இல் 15-ஆம் சீடிங்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு மகளிர் அணி, இறுதிப் போட்டியில் ஓக்லஹோமா ஸ்டேட்டை 4-3 என்று வென்றது. 2018-இல் மீண்டும் அதே 15-ஆம் இடத்திலிருந்து வந்து, வான்டர்பில்ட்டை அதே 4-3 கணக்கில் வீழ்த்தியது. 2024-இல் 13-ஆம் சீடிங்கில் இருந்த டெக்சஸ் ஏ அண்ட் எம் மகளிர் அணி ஜார்ஜியாவை 4-1 என்று வென்று தன் முதல் பட்டத்தைக் கைப்பற்றியது. இதற்கு நேர்மாறாக, 2025-இல் ஆடவரில் வேக் ஃபாரஸ்ட் டிசியூவை 4-2 என்றும், மகளிரில் ஜார்ஜியா டெக்சஸ் ஏ அண்ட் எம்மை 4-0 என்றும் வென்றபோது இரு பிரிவிலும் முதல் சீடிங் அணிகளே கோப்பையைத் தூக்கின. ஆக, பட்டியல் பொய் சொல்வதில்லை. ஆனால் முதலாம் அணிக்கும் பதினைந்தாம் அணிக்கும் நடுவே நாம் கற்பனை செய்துகொள்ளும் தூரம் உண்மையில் அவ்வளவு இல்லை. 2024 ஆடவர் இறுதிப் போட்டியில் டிசியூ டெக்சஸை வென்றதும் 4-3 கணக்கில்தான்; ஒரே ஓர் ஒற்றையர் ஆட்டம் திரும்பியிருந்தால் பட்டமும் கைமாறியிருக்கும்.

அடுத்து யூடிஆர். 1 முதல் 16.5 வரையிலான இந்த மதிப்பெண், கடந்த 12 மாதங்களில் ஒருவர் ஆடிய ஆட்டங்களில் அதிகபட்சம் 30-ஐ எடுத்துக்கொண்டு, வென்றாரா தோற்றாரா என்பதோடு நில்லாமல், எதிராளியின் தரத்துக்கு எத்தனை கேம்களை எடுத்திருக்க வேண்டும், உண்மையில் எத்தனை எடுத்தார் என்று பார்க்கிறது. ஐடிஏ பட்டியல் கண்டுகொள்ளாத வெற்றியின் அளவு இங்கே கணக்கில் வருகிறது. அணியின் முதல் ஆறு பேரின் மதிப்பெண்களைக் கூட்டிச் சொல்லும் பவர் 6 என்ற எண்ணும் உண்டு. பருவம் தொடங்கும் முன், ஓர் அணி காகிதத்தில் எவ்வளவு வலுவானது என்று அறிய இதைவிட நல்ல எண் என் கண்ணில் பட்டதில்லை. புதிதாகச் சேர்ந்த வெளிநாட்டு வீரரின் தரத்தை, அவர் கல்லூரிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடாத நிலையிலேயே மதிப்பிட முடிவது இதன் பெரிய பலம். கூடுதல் விவரங்களுக்குக் கட்டணச் சந்தா இருக்கிறது. அணிகளைப் பின்தொடரும் ரசிகருக்கு அது கட்டாயத் தேவை என்று நான் சொல்ல மாட்டேன். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப் நடத்தும் வேர்ல்டு டென்னிஸ் நம்பரும் இதே வேலையைத்தான் செய்கிறது. தரம் உயர உயர அது 40-இல் தொடங்கி 1-ஐ நோக்கி இறங்கும் என்பதால், இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவர்கள் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பவர் 6-இன் சிக்கல், அது ஒரு கூட்டுத்தொகை என்பதுதான். 13-க்கு மேல் மதிப்பெண் உள்ள ஒருவர் முதல் இடத்தில் இருந்து, கடைசி இரண்டு இடங்களில் ஆடுபவர்கள் வெகுவாகப் பின்தங்கிய அணியும், ஆறு பேரும் ஏறக்குறைய ஒரே தரத்தில் உள்ள அணியும் அந்த எண்ணில் சமமாகத் தெரியலாம். ஆனால் முதல் ஆடுகளத்தின் நட்சத்திரம் எவ்வளவு அபாரமாக வென்றாலும் அணிக்குக் கொண்டுவருவது ஒரு புள்ளி. ஆறாவது ஆடுகளத்தில் யாரும் கவனிக்காமல் ஆடிக்கொண்டிருப்பவர் கொண்டுவருவதும் அதே ஒரு புள்ளி. வீரர்களைத் திறமை வரிசைப்படியே நிறுத்த வேண்டும் என்பது விதி என்பதால், பலவீனத்தைத் தந்திரமாக ஒளித்து வைக்கவும் இடமில்லை. இரு அணிகளின் நான்கு, ஐந்து, ஆறாம் இடங்களைத் தனியே ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் எந்தக் கணிப்பையும் செய்வதில்லை.

அந்த ஒப்பீட்டுக்கு உண்மையான கருவி, பல்கலைக்கழகங்கள் தத்தம் தளத்தில் வெளியிடும் ஸ்கோர்கார்டு. இதைப் பெரும்பாலோர் மேலே உள்ள முடிவை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். உதாரணத்துக்கு, 4-1 என்று முடிந்த ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். மேலே பார்த்தால் எளிய வெற்றி. கீழே இறங்கினால், நான்காவது புள்ளி விழுந்ததும் மற்ற ஆட்டங்கள் நிறுத்தப்பட்டதால், மூன்றாம் ஆடுகளத்தில் 6-4, 3-6, 2-4 என்றும், ஆறாம் ஆடுகளத்தில் 4-6, 6-3, 1-3 என்றும் முடிவடையாமல் நின்ற இரு ஆட்டங்கள் தெரியும். இரண்டிலும் முன்னிலையில் இருந்தது தோற்ற அணி. அட்டையின் அடிவரியில் ஆட்டங்கள் முடிந்த வரிசை இருக்கும். ஒற்றையர் 1, 2, 5, 4 என்று அந்த வரிசை இருந்து, முதலில் முடிந்த முதலாம் ஆடுகளத்தில் மட்டும் தோற்று, மற்ற மூன்றையும் அந்த அணி வென்றிருந்தால், இரட்டையர் புள்ளியோடு சேர்த்து நடுவிலும் கீழேயும்தான் அந்த அணி ஆட்டத்தை முடித்திருக்கிறது என்று பொருள். இரட்டையரில் ஒரு செட் 7-6 என்று இருந்தால், அந்த ஒரு புள்ளி எவ்வளவு நூலிழையில் தொங்கியது என்பதும் தெரிந்துவிடும். இரண்டு வாரத்தில் இதே அணிகள் மீண்டும் மோதினால், தரவரிசை என்ன சொன்னாலும், நான் அந்த 4-1-ஐ ஏறத்தாழ 4-3 என்றே எடுத்துக்கொள்வேன்.

உள்ளரங்க ஆட்டங்களின் அட்டையைப் படிக்கும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. ஆறு ஆடுகளங்கள் இல்லாத அரங்குகளில் ஐந்தாம், ஆறாம் ஆட்டங்கள் தாமதமாகவே தொடங்கும். அங்கே அவை முடியாமல் நின்றதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஆட்டங்களுக்கு முன்னோட்டமாக எழுதப்படும் கணிப்புக் கட்டுரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலானவை இரு அணிகளின் தரவரிசை, முதலாம் வீரரின் பெயர், முந்தைய ஆண்டின் முடிவு ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. எனக்குப் பயன்பட்டவை, கடந்த வாரம் யார் ஆடவில்லை, பருவத்தின் நடுவே ஜனவரியில் சேர்ந்தவர் எந்த இடத்தில் நிறுத்தப்படுகிறார், இரட்டையர் ஜோடிகள் மாறியிருக்கின்றனவா என்று கவனித்துச் சொல்பவை. ஜோடி மாற்றம் சிறிய செய்தியாகத் தோன்றும். ஆனால் முதல் புள்ளி அங்கேதான் இருக்கிறது. மே மாதத்தில் ஆடும் இடத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் 16 சீடிங் அணிகள் முதல் இரண்டு சுற்றுகளைச் சொந்த மண்ணில் ஆடுகின்றன. அடுத்து வரும் சூப்பர் ரீஜனல் சுற்றில், தோற்காமல் வந்தால், முதல் எட்டு அணிகளுக்கே அந்தச் சலுகை உறுதி. ஆகவே எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையிலான ஓர் எண் வேறுபாடு, ஆட்டத் தரத்தில் ஒன்றுமில்லை என்றாலும், பயணத்திலும் பார்வையாளர்களின் ஆரவாரத்திலும் பெரிய வேறுபாடாகிவிடுகிறது. ஏப்ரல் இறுதியில் தரவரிசையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய இடம் முதலிடம் அல்ல. எட்டு, ஒன்பது, பதினாறு, பதினேழு ஆகிய இடங்கள்தான்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை இதுதான். ஐடிஏ தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் பட்டியலைக் கணினிக் கணக்கு தொடங்கிய பிறகு பின்பற்றுங்கள். அதற்கு முந்தைய வாக்கெடுப்பைப் பயிற்சியாளர்களின் எதிர்பார்ப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பவர் 6-ஐ ஜனவரியில் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். 2025-26 பருவத்திலிருந்து, வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிவகுத்த ஹவுஸ் வழக்கின் சமரச ஒப்பந்தத்தை ஏற்ற பல்கலைக்கழகங்களில் அணிக்குப் பத்து பேர் என்ற உச்சவரம்பு வந்துவிட்டதால், காயமடைந்தவருக்கு மாற்றாக இறங்கக்கூடியவர்களின் எண்ணிக்கை குறைகிறது. எனவே ஏழாவது, எட்டாவது வீரர்களின் பெயர்களையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். மார்ச் மாத நடுவில் ஆறாம் ஆடுகளத்தில் அவர்களில் ஒருவர் நிற்க நேரலாம்.