நோயாளிகளின் பதிவுகளைத் திருப்பித் தராத மென்பொருள் நிறுவனம்: சிறு கிளினிக்குகளுக்கு ஓர் எச்சரிக்கை

மதுரையிலுள்ள எங்கள் கிளினிக்கிற்கு, மின்னணு மருத்துவப் பதிவு மென்பொருளுக்கென்று புதிதாக நிறுவனம் தொடங்கிய இருவர் வந்து, முதல் வாடிக்கையாளராகச் சேர்ந்தால் குறைந்த கட்டணமும் நிறுவனத்தில் சிறு பங்கும் உண்டு என்று வாக்களித்தனர். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் நாங்கள் எழுதும் குறிப்புகளின் அமைப்பை அவர்களுக்கு விளக்கினோம். மென்பொருள் அதை வைத்தே வளர்ந்தது. வெளி முதலீடு வந்ததும் பங்கைப் பற்றிய பேச்சு நின்றது, ஆண்டுக் கட்டணமோ பல மடங்கு உயர்ந்தது. அதையாவது வியாபாரம் என்று விட்டுவிடலாம்.

விலக முடிவு செய்து பதிவுகளைக் கேட்டபோதுதான் உண்மையான அநியாயம் தொடங்கியது. ஒவ்வொரு வருகையையும் தனித்தனி பிடிஎஃப் கோப்பாக, நோயாளி எண்கூட இல்லாமல் அனுப்பினர்; வேறு மென்பொருளில் ஏற்றக்கூடிய அட்டவணையாக வேண்டுமென்றால், ஆண்டுக் கட்டணத்தைவிடக் கூடுதலான "மாற்றுக் கட்டணம்" கேட்டனர். நாங்கள் மறுத்ததும் சந்தா முடிந்த அன்றே உள்நுழைவை முடக்கிவிட்டனர். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்ளும் நோயாளி எதிரே அமர்ந்திருக்க, அவருடைய முந்தைய ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் பரிசோதனை) அளவுகளைப் பார்க்க முடியாமல் மருந்தின் அளவைத் தீர்மானிப்பது எவ்வளவு ஆபத்தானது என்பது மருத்துவர்களுக்குத் தெரியும்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் வெளியிட்ட மின்னணு சுகாதாரப் பதிவுத் தரநிலைகளின்படி, நோயாளியின் தகவல்கள் நோயாளிக்கே உரியவை. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. ஆனால் அந்தப் பொறுப்பு மருத்துவர் மீதுதான் விழுகிறது, மென்பொருள் விற்றவர் மீதன்று. அமெரிக்காவில் ஈகிளினிக்கல்வொர்க்ஸ் என்ற மருத்துவப் பதிவு மென்பொருள் நிறுவனத்தின் மீது அரசு சாட்டிய குறைகளுள், தரவை வேறு மென்பொருளுக்கு மாற்றும் வசதி விதிப்படி இல்லை என்பதும் ஒன்று. குற்றச்சாட்டை மறுத்தபோதும், அந்நிறுவனம் 2017-இல் 15.5 கோடி டாலர் செலுத்தச் சம்மதித்தது. விலக விரும்பும் மருத்துவர்களின் தரவைக் கட்டணமின்றி மாற்றித் தரவும் ஒப்புக்கொண்டது.

ஆகவே, புதிய நிறுவனம் எவ்வளவு சலுகை தந்தாலும், எல்லாப் பதிவுகளையும் நோயாளி எண்ணுடன் சிஎஸ்வி (எளிய அட்டவணைக் கோப்பு) அல்லது எஃப்எச்ஐஆர் (மருத்துவத் தரவைப் பரிமாறுவதற்கான பொதுத் தரநிலை) வடிவில் இலவசமாகத் தர வேண்டும் என்பதையும், கட்டணத் தகராறு நடக்கும்போதும் பதிவுகளைப் படிக்கும் அனுமதி தொடர வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மாதிரிப் பதிவுகள் சிலவற்றை வெளியே எடுத்துத் தரச் சொல்லி, அவை வேறொரு மென்பொருளில் முழுமையாக ஏறுகின்றனவா என்று உங்கள் கண்முன்னே சோதித்துப் பாருங்கள்.